குதிரையை விட்டுவிட்டு மன்றோவைப் பார்ப்போம்

நண்பர்களே, சென்னைத் தீவுத்திடல் அருகே சிலையாகக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோவைப் பார்க்காதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: குதிரைக்குச் சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடி இல்லை. சிற்பி மறந்துபோய், அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்று சின்ன வயதில் எனக்கும் சொன்னார்கள். அது வெறும் கதை. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜ் சிலையையும் இப்படித்தான் செய்தார். அங்கவடியே அறியாத ரோமானியர் காலத்துச் சிலைகளின் சாயல் அது.

சரி, மேலே இருக்கும் மனிதர் யார்? 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, மதராஸுக்கு வந்து, பின்னாளில் இங்கேயே கவர்னரானவர். ஹைதர் அலியோடும் திப்புவோடும் நடந்த போர்களில் இருந்தவர். நம் மண்ணைப் பிடித்த படை அது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கைமாறியதும், கேப்டன் ரீடின் கீழ் மன்றோவை வரி நிர்வாகத்துக்கு அனுப்பினார்கள். இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். அங்கே நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல், குடியானவரிடமே நேராகத் தீர்வை பேசினார்கள். அதுதான் ரயத்துவாரி. இன்று நம் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும் பட்டா அந்த வழியில் வந்தது. தீர்வை கடுமையாகத்தான் இருந்தது. அப்புறம் கடப்பை, பெல்லாரிச் சீமையில் கலெக்டராக இருந்தவர், அந்தச் சீமையின் தீர்வையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று 1807இல் மேலிடத்துக்கு எழுதினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பரிந்துரைதான்.

1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய நீல் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரியின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் நம்மவர்கள் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி அரசு அகற்றியது. மன்றோவும் வெள்ளைக்காரப் படை அதிகாரிதான், ஆனாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். யாரை வெறுக்க வேண்டும் என்று நம் மக்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கவர்னர் பதவியின் கடைசி நாட்களில், தாம் முன்பு கலெக்டராக இருந்த சீமையில் விடைபெற்றுவரப் போனார். 1827 ஜூலை 6 அன்று பட்டிகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோனது. சந்தா திரட்டி இந்தச் சிலையை 1839இல் சென்னையில் நிறுவினார்கள். அந்தச் சீமையிலோ, பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள்.