ஆள் போன பிறகும் ஓயாத சுரங்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் இறங்கித் திரிந்த என் இளமைக்காலத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே ஏதாவது கிடைத்ததா?" என்பதுதான். ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டுப்படியாகாது என்று தெரிந்த பிறகுதானே ஒரு சுரங்கத்தை மூடுகிறார்கள்? எங்களுக்கென்று தங்கத்தை எடுத்து வைத்துவிட்டா போவார்கள்!

நாங்கள் நாலைந்து பேர். நிலவியல் படித்தவர்கள், நில அளவை தெரிந்தவர், கயிற்றில் ஏறி இறங்கப் பழகிய ஒரு நண்பர், இவர்களோடு சுரங்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கி, எத்தனை மணிக்குள் வெளியே வருவோம் என்று மேலே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவோம். விட்டுப்போன பாதைகளை அளந்து வரைபடம் போடுவது எங்கள் வேலை. நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கம் மட்டும் பெரியவர் எங்களை விட்டதே இல்லை. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். நாங்களோ தலையில் எரியும் சுடரோடு போகிறவர்கள். அதனால் ஈயம், தாமிரம், துத்தநாகம் எடுத்த சுரங்கங்களோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்தச் சுடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கார்பைடு விளக்கு. 1900-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெடரிக் பால்ட்வின் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. கையில் அடங்கும் பித்தளைச் சாமான். கீழ் அறையில் சாம்பல் நிறக் கார்பைடு கல், மேல் அறையில் தண்ணீர். மேலே இருக்கும் சின்னத் திருகை நகர்த்தினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின் மேல் விழும். அசெட்டிலீன் வாயு கிளம்பி, முன்னால் உள்ள ஊசித் துளை வழியாக வெளியே வரும். அந்தத் துளையைச் சுற்றிப் பளபளப்பான ஒரு வட்டத் தகடு. அதை உள்ளங்கையால் ஒரு நொடி பொத்தி, வாயுவைச் சேரவிட்டு, கையைச் சரேலென்று இழுக்க வேண்டும். இழுக்கிற இழுப்பிலேயே தகட்டின் ஓரத்தில் இருக்கும் தீக்கல் சக்கரம் சுழன்று பொறி தட்டும். 'பட்' என்று ஒரு சத்தம், உடனே வெள்ளைச் சுடர் நிமிர்ந்து நிற்கும். தயங்கித் தயங்கி இழுத்தால் உள்ளங்கை சுட்டுவிடும். எரிந்து முடிந்த கார்பைடு ஈரச் சுண்ணாம்பாக மிஞ்சும். அதை உள்ளே கொட்டக் கூடாது, டப்பாவில் போட்டு வெளியே கொண்டுவர வேண்டும். மூடியை இறுக்கவும் கூடாது, ஏனென்றால் மிச்சம் மீதி வாயு அதிலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும்.

இத்தனை நல்ல விளக்கு இருக்கும்போது பெரியவர் ஏன் கூடவே ஒரு மெழுகுவர்த்தியையும் ஏற்றிக்கொண்டு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்ட பிறகுதான் விளக்கினார். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். அது 16, 17 என்று இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். அசெட்டிலீன் சுடர் பிடிவாதமானது, 12, 13 வரைகூட எரிந்துகொண்டிருக்கும். அதற்குள் ஆளுக்குத் தலை சுற்றி, புத்தி தடுமாறத் தொடங்கியிருக்கும். விளக்கு எரிகிறதே என்று நம்பிப் போகிறவன் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கையிலிருந்த மெழுகுவர்த்தி மங்கினால் பெரியவரிடம் விவாதம் எல்லாம் கிடையாது. "திரும்பு தம்பி" என்பார், அவ்வளவுதான்.

சரி, அந்த ஆக்சிஜன் எங்கே போயிற்று? இதைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். நாம் கைவிடப்பட்ட சுரங்கம் என்கிறோம். கைவிட்டது மனிதர்கள் மட்டும்தான். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. தாங்கு மரங்கள் மக்குகின்றன. பைரைட் போன்ற, உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு கனிமங்கள் ஈரக் காற்றோடு சேர்ந்து மெதுவாகச் சிதைகின்றன. இரண்டுமே ஆக்சிஜனைத் தின்பவை. மிஞ்சுவது பெரும்பாலும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கார்பன் டை ஆக்சைடு அதிகமானால் அந்தக் கலவை கனத்துப் பள்ளமான இடங்களில் தேங்கும். வெளியே காற்றழுத்தம் குறைகிற நாளில் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கிளம்பி, சுரங்கவாய் வரைக்கும் வந்துவிடும். போன வாரம் நன்றாக மூச்சு விட்ட பாதை இந்த வாரமும் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தேங்கிய தண்ணீரைக் காலால் கலக்கினாலும் ஆபத்து உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பலாம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், தெரிந்துவிடும் என்பார்கள். கொஞ்சமாக இருக்கும் வரைக்கும்தான் அந்த நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியடைகிற அந்த நேரத்தில்தான் ஓட வேண்டும்.

தரையும் நம்பத் தகுந்தது அல்ல. தாது ரேகை எப்படிப் போகிறதோ அப்படியே மேலும் கீழுமாக வெட்டி எடுத்திருப்பார்கள். நாம் நடக்கும் பாதைக்கு அடியிலேயே பெரும் பள்ளம் இருக்கும். அதன் குறுக்கே பலகை போட்டு, பலகை மேல் கழிவுக் கல்லைப் பரப்பி வழி பண்ணியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் அசல் பாறைத் தரைதான். பெரியவர் கடப்பாரையால் தட்டித் தட்டி, ஓசையைக் கேட்டுக்கொண்டே நடப்பார். தாங்கு மரங்களில் எங்கள் கை படக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. பார்க்க முழுசாக இருக்கும், வெள்ளைப் பூஞ்சணம் ஓரமாகத் தொங்கும், ஆனால் மரத்துக்குள் கட்டைவிரல் புதைந்துவிடும். அதுதான் மேலே பல டன் கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது தாங்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீரின் வேலை தனிக் கதை. பம்பு நின்ற நாளிலிருந்து அது ஏறத் தொடங்கும். கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை போன சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பிறகு நடந்ததும் அதுதான். பைரைட் சிதையும்போது கந்தக அமிலம் உண்டாகித் தண்ணீரில் கலக்கிறது. கலிபோர்னியாவில் உள்ள அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் எடுத்த நீரின் பி.எச். அளவு மைனஸ் 3.6. இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். கார் பேட்டரியில் இருக்கும் அமிலம்கூட அவ்வளவு கடுமையானதல்ல.

அதே தண்ணீர் சில நேரம் பாதுகாக்கவும் செய்யும். சுவீடனில் ஃபாலுன் தாமிரச் சுரங்கம் என்று ஒன்று. 1719-இல் அங்கே தண்ணீர் நிறைந்து கிடந்த ஒரு பழைய பகுதியில் ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. அழுகவே இல்லை, யார் என்றும் தெரியவில்லை. மேலே கொண்டுவந்து கிடத்தியபோது வயதான ஒரு பெண்மணி வந்து பார்த்து, தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் என்று அடையாளம் சொன்னார். மாட்ஸ் இஸ்ரேல்சன் என்ற அந்தத் தொழிலாளி காணாமல் போனது 1677-இல்! சல்பேட் உப்புகள் கரைந்த நீர் அவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே வைத்திருந்தது. ஃபாலுனுக்கு நான் போனதில்லை. ஆனால் தேங்கிய நீரைக் காணும்போதெல்லாம் எங்களில் யாராவது ஒருவர் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார், பெரியவர் அதட்டி நிறுத்துவார்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது சுவர்களின் முன்னால். வெடிமருந்து வருவதற்கு முந்தைய பாதையில் உளியின் வெட்டுகள் ஒரே சாய்வில் வரிசையாகத் தெரியும். எந்தப் பக்கம் நின்று கொத்தினார்கள் என்றுகூடச் சொல்லலாம். பிற்காலப் பாதையில் பாதித் துளை மட்டும் பாறையில் நிற்கும், மீதிப் பாதியை வெடி கொண்டுபோயிருக்கும். கூரையருகே மெழுகுவர்த்தியை ஒட்டவைத்த களிமண் கட்டி. அதை அழுத்திய விரலின் ரேகைகள் காய்ந்து அப்படியே இருந்தன. எங்களில் யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்தில் கரியால் போட்ட கோடுகள், நாலு நாலாகப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தவை. தள்ளிவிட்ட வண்டிகளின் எண்ணிக்கையாக இருக்கும் என்றார் பெரியவர். கூலிக் கணக்கில் மேற்பார்வையாளரை நம்பாத ஆள் போல என்று சொல்லிச் சிரித்தார்.

இன்றைக்கு வாயு அளக்கும் கருவி வந்துவிட்டது. லேசர் கருவி பொருத்திய ட்ரோனை அனுப்பி, ஆள் நுழையாமலே குகை மாதிரி வெட்டிய இடங்களை அளக்கிறார்கள். வௌவால்கள் போய்வர வழி விட்டு, ஆட்கள் நுழைய முடியாதபடி கிடைக்கம்பிக் கதவு போடுகிறார்கள். நல்லதுதான். நாங்கள் போன மாதிரி போய்வாருங்கள் என்று இப்போது யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வரைபட வேலை இன்னும் முடியவில்லை. 1973-இல் இங்கிலாந்தின் லாஃப்ட்ஹவுஸ் சுரங்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய குடைவுகளில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து 7 பேர் இறந்தார்கள். 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் க்யூக்ரீக்கில், பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீர் பாய்ந்து 9 பேர் 70 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் சிக்கினார்கள். அவர்களிடம் இருந்த வரைபடத்தின்படி பழைய சுரங்கம் இன்னும் தள்ளி இருந்திருக்க வேண்டும். மேலிருந்து துளை போட்டு, அழுத்தப்பட்ட வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தி, மூன்று நாளுக்குப் பிறகு ஒன்பது பேரையும் உயிரோடு தூக்கினார்கள்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ விட்டுப்போன பெட்டியில் பழைய வரைபடமோ அளவைக் குறிப்பேடோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுரங்கத் துறையிலோ ஆவணக் காப்பகத்திலோ கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும் முன் மூலையில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மங்கியிருந்தால், யாருடையது, எந்த ஆண்டு வரை வேலை பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு தோண்டியது எதுவும் அந்தத் தாளில் இருக்காது அல்லவா? நன்றி, வணக்கம்.