மதிப்பா, எச்சரிக்கையா? ‘மதிப்பே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எதிரணி நண்பர்களே, திருப்பலி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘முஸ்லிம்களிடம் கத்தோலிக்கர் முதலில் காட்ட வேண்டியது மதிப்பா, எச்சரிக்கையா?’ இதுதான் தலைப்பு. நான் மதிப்பின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று ஆயுதங்களோடு வந்தார். ஒன்று, லெப்பாந்தோ கடற்போர். இரண்டு, இஸ்லாமைத் தவறான போதனை என்று எழுதிய தமஸ்கு நகரப் புனித யோவான். மூன்று, இலங்கையில் உயிர்த்த ஞாயிறன்று வெடித்த குண்டுகள். ‘இதற்குப் பிறகுமா மதிப்பு?’ என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன். பேசிய அழகுக்குத் தட்டியது, கருத்துக்கு இல்லை.

முதலில், நம் திருச்சபை என்ன சொல்கிறது? 1965 அக்டோபர் 28 அன்று, உலகெங்கும் இருந்து கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ என்ற அறிக்கையை வெளியிட்டது. அதன் மூன்றாம் பகுதி, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்றுதான் தொடங்குகிறது. அவர்கள் ஒரே கடவுளை வழிபடுகிறார்கள், இறுதித் தீர்ப்பு நாளை எதிர்பார்க்கிறார்கள், தொழுகையும் தர்மமும் நோன்பும் அவர்கள் வாழ்க்கையில் இருக்கின்றன, மரியாளைப் போற்றுகிறார்கள், சில வேளைகளில் பக்தியோடு அவரைக் கூப்பிடவும் செய்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறது. வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை. இறுதி வாக்கெடுப்பில் ஆதரவு 2221, எதிர்ப்பு 88. ஆயர்களுக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது. இருந்திருந்தால் அந்த 88 பேரின் வாரிசுகள் யார் என்று இந்த மேடையில் கை காட்டியிருப்பேன்.

‘இதெல்லாம் அறுபதுகளில் அடித்த புதுக்காற்று’ என்று சொல்வார்கள். அதே பகுதியின் அடிக்குறிப்பைப் பாருங்கள். 1076-இல் திருத்தந்தை ஏழாம் கிரகோரி வட ஆப்பிரிக்காவின் முஸ்லிம் மன்னர் அன்னாஸிருக்கு எழுதிய கடிதத்தைச் சங்கம் அங்கே சான்றாக வைத்திருக்கிறது. நீங்களும் நாங்களும் வெவ்வேறு விதத்தில் என்றாலும் ஒரே கடவுளை நம்பி அறிக்கையிடுகிறோம் என்று எழுதினார் அவர். முதல் சிலுவைப் போருக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது!

மதிப்பு என்றால் வேறுபாட்டைப் பாய்க்கு அடியில் தள்ளுவது என்று எதிரணி நினைக்கிறது. அப்படி இல்லை. இயேசு இறைமகன் என்பதைக் குர்ஆன் ஏற்கவில்லை, சிலுவைச் சாவையும் ஏற்கவில்லை. நம் விசுவாசத்தின் நடுமையத்தில் இருக்கும் வேறுபாடு இது. சங்கமும் இதை மழுப்பவில்லை, ‘இயேசுவைக் கடவுளாக ஏற்காவிட்டாலும்’ என்று அதே பகுதியில் எழுதியே வைத்தது. முகமது நபியைப் பற்றியும் குர்ஆனைப் பற்றியும் அந்த அறிக்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் எனக்கே கொஞ்சம் குறையாகத்தான் படுகிறது. ஆனால் சொன்னதைத் தெளிவாகச் சொன்னார்கள், அந்தச் சொல் மதிப்பு.

சரி, லெப்பாந்தோவுக்கு வருவோம். 1571 அக்டோபர் 7, கிறிஸ்தவக் கூட்டணி துருக்கிச் சுல்தானின் ஒட்டோமான் கடற்படையை வென்றது, அந்த நாளில்தான் ஜெபமாலை மாதா திருநாள் கொண்டாடுகிறோம். உண்மை. ஆனால் அந்தக் கூட்டணியில் இருந்த வெனிஸ், இரண்டே வருடத்தில், 1573-இல், மற்றவர்களை விட்டுவிட்டுச் சுல்தானோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டது. பிரான்சின் கத்தோலிக்க அரசர் முதலாம் பிரான்சுவா அதற்கும் முன்பே சுல்தான் சுலைமானோடு கைகோத்தவர். 1543-இல் ஒட்டோமான் கடற்படைக்குக் குளிர்காலம் கழிக்கத் தன் துலோன் துறைமுகத்தையே திறந்துவிட்டார். கூட்டணி மாறுவதில் நம் ஊர்க் கட்சிகளுக்கு முன்னோடிகள் இவர்கள். இந்தக் கணக்கு வழக்கில் இருந்து எதிர்வீட்டுப் பாயிடம் எப்படிப் பழகுவது என்று பாடம் எடுக்க முடியுமா?

புனித யோவான். அவர் இஸ்லாமைக் கண்டித்து எழுதினார், மறுக்கவில்லை. ஆனால் எங்கே உட்கார்ந்து எழுதினார்? அவருடைய குடும்பம் தமஸ்குவில் கலீஃபாவின் நிதி நிர்வாகத்தில் வேலை பார்த்த குடும்பம். கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த கிறிஸ்தவப் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களுக்குத் தடை போட்டபோது, அதை எதிர்த்துத் துணிந்து எழுதியவர் இதே யோவான். பேரரசரால் அவரைத் தொட முடியவில்லை. ஏன்? அவர் இருந்தது முஸ்லிம் ஆட்சிக்குள். நம் கோவிலில் சுரூபம் வைத்து வணங்குவதற்கு நியாயம் எழுதிய பேனா, கலீஃபாவின் நிழலில் எழுதிய பேனா! எதிரணித் தலைவர் பாதிக் கதையைச் சொன்னார், நான் மீதியைச் சொல்லிவிட்டேன்.

இப்போது மூன்றாவது. இங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், அப்புறம் கொழும்பு ஹோட்டல்கள். இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போன தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு.

எதிரணி கேட்பது எச்சரிக்கை. நான் கேட்கிறேன், எச்சரித்தவர்கள் யார்? குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் 2017-லேயே காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்கள் மீது வன்முறை காட்டியவன். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் போய்ப் புகார் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். இந்திய உளவுத்துறையும் முன்கூட்டியே தகவல் கொடுத்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அந்த அலட்சியத்துக்குத்தான் 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அப்படியிருந்தும், அதே 2019 மே மாதம் குருநாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தது யாருடையது? புகார் கொடுத்த சமூகத்துடையது.

கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் என்ன செய்தார்? நீர்கொழும்பில் மோதல் வந்தவுடன், ஒரு முஸ்லிமைக்கூடத் துன்புறுத்தாதீர்கள், அவர்கள் நம் சகோதரர்கள் என்று தன் மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே கர்தினால்தான் அதற்குப் பிறகு வருடக்கணக்காக, இதன் பின்னால் இருந்தவர்கள் யார் என்று அரசாங்கத்தைக் குடைந்துகொண்டே இருக்கிறார். மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நீதியும் கேட்கலாம் என்பதற்கு இதைவிட யாரைக் காட்டுவது, நடுவர் அவர்களே?

‘அவருக்கென்ன, பதவியில் இருப்பவர், பேசத்தான் வேண்டும்’ என்று ஒரு முணுமுணுப்பு எதிரணியில் கேட்கிறது. அப்படியானால் பதவியே இல்லாதவர்களிடம் போவோம். அல்ஜீரியாவின் அட்லஸ் மலைச்சரிவில் திபிரின் என்ற சிற்றூர். அங்கே டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளின் மடம். மடத்தின் தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே. இளம் வயதில் பிரெஞ்சு ராணுவ அதிகாரியாக அதே நாட்டில் இருந்தவர். அப்போது முகமது என்ற ஊர்க்காவலர், பத்துப் பிள்ளைகளின் தகப்பன், ஒரு தகராறில் குறுக்கே நின்று அவரைக் காப்பாற்றினார். மறுநாள் அந்த முகமது தன் வீட்டுக் கிணற்றடியில் கொல்லப்பட்டுக் கிடந்தார். தனக்காக உயிர்விட்டவர் ஒரு முஸ்லிம் என்ற நினைப்போடுதான் கிறிஸ்தியான் பிறகு துறவியாகத் திரும்பிப் போனார்.

அந்த மடத்தில் லூக் என்று ஒரு சகோதரர், மருத்துவர். 1946-இல் வந்தவர், சுற்றுவட்டார மக்களுக்கு ஐம்பது வருடம் இலவசமாக வைத்தியம் பார்த்தார். ஊர்க்காரர்கள் தொழுவதற்கு மடமே ஓர் அறை கொடுத்திருந்தது. உள்நாட்டுப் போர் முற்றியபோது போய்விடுங்கள் என்று அரசும் சொன்னது, தூதரகமும் சொன்னது. ஊர்க்காரர்கள் ‘இருங்கள்’ என்றார்கள். இருந்தார்கள். 1996 மார்ச்சில் ஏழு பேர் கடத்தப்பட்டார்கள். மே மாதம் ஏழு பேரும் இல்லை.

கிறிஸ்தியான் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். நான் பயங்கரவாதத்துக்குப் பலியானால், அதற்காக நான் நேசிக்கும் இந்த மக்கள் மீது ஒட்டுமொத்தமாகப் பழி விழக்கூடாது என்பது அதன் சாரம். என்னை ஏமாளி என்று நினைத்தவர்களுக்கு என் சாவு நியாயம் கற்பிப்பதாகத் தோன்றும் என்றும் எழுதினார். எதிரணி இன்று மேடையில் சொன்ன வாதத்தை அவர் அப்போதே எழுதி, பதிலும் வைத்துவிட்டார். கடைசியில் தன்னைக் கொல்லப்போகிறவனைக் கடைசி நிமிடத்து நண்பனே என்று அழைத்து, அவனுக்கும் நன்றி சொல்கிறார். எனக்கு அந்த மனசு இல்லை, இங்கே இருக்கும் பலருக்கும் இருக்காது. ஆனால் 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் திருச்சபை முக்திப்பேறு பெற்றவர் என்று பீடத்தில் ஏற்றியது அந்த மனசைத்தான். அன்று பீடமேறிய 19 பேரில் ஆயர் பியேர் கிளாவரியும் ஒருவர். 1996 ஆகஸ்டில் ஆயர் இல்ல வாசலில் குண்டு வெடித்தபோது அவரோடு சேர்ந்து செத்தவர் அவருடைய இளம் ஓட்டுநர். அவர் பெயரும் முகமது.

எச்சரிக்கைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் குண்டு வைத்தவன் தெரிவான், ஒப்புக்கொள்கிறேன். இந்த இரண்டு முகமதுகளும் தெரிய மாட்டார்கள்.

தலைப்பில் ‘முதலில்’ என்று ஒரு சொல் இருக்கிறது, எதிரணி அதை வசதியாக விட்டுவிட்டது. 1219-இல் சிலுவைப் போர் நடக்கும்போதே எகிப்தின் தமியாத்தாவில் சுல்தான் அல்காமிலைப் போய்ப் பார்த்தவர் அசிசி நகர பிரான்சிஸ். ‘மனம் மாற்றத்தானே போனார்?’ என்று கேட்பார்கள். நற்செய்தி சொல்லத்தான் போனார், யார் மறுத்தது? ஆனால் திரும்பி வந்து 1221-இல் தன் சபைத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், முஸ்லிம்களிடையே வாழப்போகும் சகோதரர்களுக்கு இரண்டு வழி வைக்கிறார். முதல் வழி, வாக்குவாதமும் சண்டையும் வேண்டாம், கடவுளுக்காக எல்லோருக்கும் பணிந்திருங்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லுங்கள். இறைவார்த்தையை அறிவிப்பது, கடவுளுக்கு விருப்பம் என்று தெரியும்போது, இரண்டாவது. வரிசையை நான் மாற்றவில்லை.

நடுவர் கை மணிப்பக்கம் போகிறது. எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கையிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் பாகிஸ்தானின் ஆசியா பீபியைப் பற்றிப் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். பேசட்டும். மதநிந்தனைச் சட்டத்தில் 2010-இல் மரண தண்டனை பெற்ற கத்தோலிக்கப் பெண். அவருக்காகக் குரல் கொடுத்த கத்தோலிக்க அமைச்சர் ஷாபாஸ் பட்டி 2011 மார்ச்சில் கொல்லப்பட்டார். அவருக்கு இரண்டு மாதம் முன்பே, அதே பெண்ணுக்காகப் பேசியதற்காக, பஞ்சாப் ஆளுநர் சல்மான் தஸீரை அவருடைய சொந்த மெய்க்காவலனே சுட்டான். தஸீர் முஸ்லிம். 2018 அக்டோபர் 31 அன்று ஆசியா பீபியை விடுதலை செய்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முஸ்லிம்கள். மிரட்டலுக்கு நடுவே வழக்காடி, தீர்ப்பு வந்ததும் உயிருக்குப் பயந்து நெதர்லாந்துக்குப் போக வேண்டிவந்த வழக்கறிஞர் சைஃபுல் மலூக் முஸ்லிம். தங்கையே, எச்சரிக்கையைத்தான் முதலில் வைப்பது என்றால், ஆசியா பீபியின் குடும்பம் அந்த வழக்கறிஞரின் படியேறியிருக்குமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.