கடைப் பெட்டியில் எல்லோருக்கும் ஒரே வேலைதான்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, பசி நேரத்தில் பலகாரத்தைப் பற்றிப் பேச்சு கேட்கத் துணிந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பண்டிகைப் பலகாரமும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும், வீட்டில் கூடிச் செய்வதா, கடையில் வாங்குவதா, குடும்பத்துக்கு எது மகிழ்ச்சி? இதுதான் தலைப்பு. கூடிச் செய்வதே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழர் மதுரைக்காஞ்சியில் தொடங்கினார். அந்தக் காலத்து மதுரைக் கடைத்தெருவிலேயே கூவியர், அதாவது பலகாரம் சுட்டு விற்பவர்கள், மோதகம் விற்றிருக்கிறார்கள், ஆகவே வாங்கித் தின்பதுதான் தமிழர் மரபு என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். ஆனால் தோழர் அந்த இடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். மோதகத்தை வைத்துக்கொண்டு கூவியர் என்ன செய்தார்கள் என்று அதே பாட்டில் இருக்கிறது, நடுவர் அவர்களே. இருந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார்கள்! நடுராத்திரி அல்லவா என்று தோழர் முணுமுணுக்கிறார். இருக்கட்டும். வாங்க ஆள் வரிசையில் நின்றால் எந்தக் கடைக்காரருக்கு ஐயா தூக்கம் வரும்?

அடுத்து எதிரணிச் சகோதரி பேசினார். அவர் பேச்சுக்கு நான் சிரிக்கவில்லை. "கூடிச் செய்வோம் என்பீர்கள், கடைசியில் அடுப்படியில் நிற்பவள் அம்மா ஒருத்திதான்" என்றார். உண்மை. என் அம்மா தீபாவளிக்கு மூன்று நாள் அடுப்பை விட்டு நகர மாட்டார். அதிரச மாவை இடித்துச் சலித்து, பாகு காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்துவிடுமே என்று பயந்து பயந்து சுட்டு எடுப்பார். அப்பா கூடத்தில் உட்கார்ந்து முதல் அதிரசத்தைக் கடித்து, "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்பார். அதுதான் அவருடைய பங்கு. சகோதரி, அந்த வழக்கில் நானும் உங்கள் பக்கம்தான் சாட்சி சொல்வேன். ஆனால் அது கூடிச் செய்தது இல்லையே! ஒருத்தி செய்து நாலு பேர் தின்றது. எங்கள் தலைப்பில் 'கூடி' என்று ஒரு சொல் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டி கழுவுவதும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம். அச்சைப் பிழியாதவருக்கு முறுக்கு கிடையாது. எங்க வீட்டுக்காரர் மாதாமாதம் பணம் கட்டி ஜிம்முக்குப் போகிறவர். நாலு பங்கு அரிசிமாவு, ஒரு பங்கு உளுந்தமாவு, வெண்ணெய், எள் எல்லாம் போட்டுப் பிசைந்து அச்சில் நிரப்பிக் கையில் கொடுத்தேன். மூன்றாவது ஈட்டுக்குத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இதை உங்க அம்மா ஒத்தையா எப்படிச் செஞ்சாங்க?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் அம்மாவைப் பற்றி அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. கடையில் அரைக் கிலோ முறுக்கு வாங்கியிருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்குமா?

அளவு விஷயத்தில் ஒரு வழக்கு நடந்தது. என் மாமியார் "ஒரு கை எள்ளு போடு" என்கிறார். இவர் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, "ஒரு கைன்னா எத்தனை கிராம்மா?" என்கிறார். "யார் கையிடா?" என்று கேட்டார் மாமியார். பத்து நிமிஷம் தீர்ப்பு வரவில்லை. இன்றைக்கு நம் நடுவருக்கும் அந்த நிலைமை வரலாம்.

பிள்ளைகளை அடுப்படியில் விடுவது ஆபத்து என்றார் இன்னொரு தோழர். கிருஷ்ண ஜயந்திக்குச் சீடை வெடிக்கும், எண்ணெய் தெறிக்கும் என்றார். வெடிக்கும்தான். இறுக்கி உருட்டினால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். அதனால்தான் மாவை வறுத்துச் சலிப்பதும், அழுத்தாமல் உருட்டுவதும், துணியில் பரப்பி ஆறவிடுவதும். உருட்டுவதும் பரப்புவதும் பிள்ளைகள் வேலை, எண்ணெய்ப் பக்கம் பெரியவர்கள். நாங்கள் ஏழு வயசுப் பையனை வாணலி முன்னால் நிறுத்தச் சொல்லவில்லை. வடகம் போடும் காலத்தில் காக்காய்க்குக் காவல் யார் இருந்தது? மொட்டை மாடியில், வேட்டி ஓரத்தில், கையில் குச்சியோடு, பாதி வெந்த கூழை நக்கிக்கொண்டு நாம்தானே இருந்தோம்? அது காவலா கொள்ளையா என்பது வேறு விசாரணை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், நடுவர் அவர்களே. மணியை மேஜைக்குக் கீழே வைத்துவிடுங்கள்.

எனக்கு ஊர் தெற்கே, பனங்காட்டுப் பக்கம். கார்த்திகைக்கு எங்கள் ஊரில் ஓலைக் கொழுக்கட்டை அவிப்பார்கள். குருத்தோலையை வெட்டி, அந்த மடிப்புக்குள் அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் சுக்கும் ஏலமும் வறுத்த சிறுபயறும் கலந்த மாவை வைத்து, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேக வைக்க வேண்டும். வெந்த ஓலையின் வாசம் மாவில் ஏறும் பாருங்கள், அதை எந்த அட்டைப் பெட்டியிலும் அடைக்க முடியாது. போன கார்த்திகைக்கு அதைச் சென்னையில் மூன்றாவது மாடி வீட்டில் செய்து பார்ப்போம் என்று முடிவு பண்ணினோம். ஓலைக்கு என் தம்பியிடம் போனில் சொன்னேன், பஸ்ஸில் போட்டு விடுகிறேன் என்றான்.

என் மாமனாருக்கு எழுபத்து நாலு வயசு. அவரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். சென்னைக்கு வந்த பிறகு பேச்சு குறைந்துபோயிற்று. காலையில் பேப்பர், சாயங்காலம் நியூஸ். பேரனுக்கும் அவருக்கும் நடுவில் டிவி ரிமோட் சண்டை தவிர வேறு தொடர்பு கிடையாது. நான் தம்பியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நாலு உடைமரத்து முள்ளும் போடச் சொல்லும்மா." எதற்கு மாமா என்றேன். பதில் இல்லை.

ஓலை வந்தது. முள்ளும் ஒரு தீப்பெட்டியில் வந்தது. நாங்கள் கொழுக்கட்டையில் இறங்கினோம். கருப்பட்டியில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். நான் தேங்காய் துருவித் திரும்புவதற்குள் எங்க வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் ஊற்றியிருக்கிறார், அது தெரியாமல் மகனும் ஒரு கிண்ணம் ஊற்றியிருக்கிறான். மாவு தோசைப் பதத்துக்கு வந்துவிட்டது. அப்படியே ஓலைக்குள் விட்டுக் கட்டி அவித்தோம். திறந்து பார்த்தால் ஓலைக்குள்ளே ஒன்றும் இல்லை! எல்லாம் இட்லிப் பானைக்கு அடியில். கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டுத் தின்றோம். 'ஓடிப்போன கொழுக்கட்டை' என்று மகன் பெயர் வைத்தான். இந்த வருஷம் நல்ல கொழுக்கட்டை வேண்டாமாம், அதுதான் வேண்டுமாம்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாமனார் மிச்சம் கிடந்த ஓலையை எடுத்தார். ஈர்க்கை நீக்கி இரண்டு துண்டாகக் கிழித்தார். ஒன்றை ஒன்று குறுக்கே மடித்தார். நடுவில் முள்ளைக் குத்தி, துளையைக் கொஞ்சம் தளர்த்தி, முள்ளை ஒரு குச்சி நுனியில் செருகி ஊதினார். காத்தாடி! பையன் ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "இன்னொண்ணு செய்ங்க தாத்தா." செய்தார். "எனக்குச் சொல்லிக் கொடுங்க." கொடுத்தார். நாலு ஓலை கிழிந்து, ஒரு விரலில் முள் குத்தி, ஐந்தாவது சுற்றியது.

அன்று ராத்திரி வரைக்கும் அவர் வாய் மூடவில்லை. ஆண்பனையின் பூவை மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்து உப்பு சேர்த்து, பழந்துணியில் இறுகச் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிற்றில் சுழற்றினால் தீப்பொறி வட்டமாகப் பூப்பூவாகக் கொட்டும், அதுதான் மாவலி என்றார். கார்த்திகை ராத்திரியில் ஊர் முழுக்க அந்த வட்டம்தான் தெரியும் என்றார். பையன் உடனே மொட்டை மாடியில் செய்வோம் என்று குதித்தான். குடியிருப்புச் சங்கச் செயலாளர் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து கைகூப்பினார். விட்டுவிட்டோம்.

அந்த மனுஷருக்குள் இத்தனை வேலை இருந்ததென்று பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. ஏன் தெரியவில்லை? நாங்கள் பண்டிகைக்குப் பெட்டி வாங்கினோம். பெட்டி வந்தால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் எனக்கும் எல்லோருக்கும் ஒரே வேலைதான் மிச்சம். தின்பது. அந்த வேலையில் மாமனாருக்குச் சர்க்கரை வியாதி வேறு, அதிலும் பாதிப் பங்குதான்.

நேரம் இல்லை என்பீர்கள். நானும் வேலைக்குப் போகிறவள். பன்னிரண்டு வகைப் பலகாரம் யாரும் கேட்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அவசரத்துக்கு நானும் கடையில் வாங்குகிறவள்தான், அதை மறைக்க மாட்டேன். ருசியில் கடை ஜெயிக்கும், எங்கள் கொழுக்கட்டையை நீங்களே பார்த்தீர்கள். ஆனால் தலைப்பு ருசியைக் கேட்கவில்லை, மகிழ்ச்சியைக் கேட்கிறது.

நடுவர் மேஜைக்குக் கீழே கையை விடுகிறார், தெரிகிறது. ஒரே ஒரு நிமிஷம். இன்றைக்கு நான் பேசப் போகிறேன் என்றதும் மாமனாரும் பையனும் சேர்ந்து இந்தக் காத்தாடியைச் செய்து கொடுத்தார்கள். எதிரணித் தலைவருக்காம். ஐயா, இந்தாருங்கள். முள் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள்.