மகன் மறந்துபோச்சு, கொழுந்து மறக்கல! கோத்தகிரி அப்பாயியோட கை ரகசியம்

(மூடுபனி. தேயிலைச் செடி மேல ரெண்டு கை மட்டும், கிட்டத்துல.)

இந்தக் கையைப் பாருங்க. ரெண்டு இலை, ஒரு மொட்டு. கிள்ளுது, கூடைக்குப் போகுது. முத்தின இலை பக்கம் விரல் போகவே இல்ல. இது எங்க அப்பாயி. எதிர்ல நிக்கிற எங்க அப்பாவைப் பார்த்து, "புது மேஸ்திரியா?"ன்னு கேக்குறாங்க. பெத்த புள்ளய!

வணக்கம் மக்களே! டிமென்ஷியா, மறதி நோய். பெரும்பாலும் அல்சைமரால வருது, போன மூளை செல் திரும்பாது. பாடம் முடிஞ்சுது, கதைக்கு வருவோம்.

1953, அமெரிக்கா. ஹென்றி மொலேசன்னு ஒருத்தர். வலிப்பை நிறுத்தணும்னு மூளையில ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ், அதாவது புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற பகுதியை வெட்டி எடுத்துட்டாங்க. வலிப்பு குறைஞ்சுது, ஆனா புதுசா நடக்கிறது எதுவும் மனசுல நிக்கல. பிரெண்டா மில்னர்னு ஒரு ஆய்வாளர், கண்ணாடியில மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னாங்க. மூணு நாள். முன்னாடி வரைஞ்சதே அவருக்கு ஞாபகம் இல்ல. ஆனா கை? நாளுக்கு நாள் தேறிக்கிட்டே வந்துச்சு! எனக்கு இன்னும் புல்லரிக்குது. கைப்பழக்கம் தங்குற இடமே வேற. அல்சைமர் ஆரம்பத்துல ஹிப்போகேம்பஸ் பக்கம்தான் தாக்கும், கைப்பழக்கம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும்.

அந்தச் சந்துல நுழையிறதுதான் ஆக்குபேஷனல் தெரபி. பேரைக் கேட்டுட்டு, வேலை வாங்கித் தர்ற இடம்னு எங்க சித்தப்பா பயோடேட்டாவோட கிளம்பிட்டாரு. அது இல்ல சித்தப்பா! குளிக்க, உடுத்த, சாப்பிட, பிடிச்ச வேலையைச் செய்ய வழி பண்ணிக் கொடுக்கிறவங்க.

வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் அக்கா முதல்ல வாசல்ல கிடந்த கறுப்பு மிதியடியைச் சுருட்டினாங்க. அப்பாயி கண்ணுக்கு அது பள்ளம்! அப்புறம் துணியை உடுத்துற வரிசையில அடுக்கி, ஸ்வெட்டரைக் கடைசில வெச்சாங்க. அதுவரைக்கும் ஸ்வெட்டர் மேலதான் ரவிக்கை.

முன்னாடி ஒரு இடத்துல அப்பாயி கையில கலர் பென்சில் கொடுத்தாங்க. பள்ளிக்கூடமே போகாத ஆளுக்கு! எனக்கு வந்த கோவம் இருக்கே...

 

அப்பாயி தினம் நாலு மணியானா வாசலுக்குக் கிளம்பிடுவாங்க. கதவைப் பூட்டினா அழுகை. "நாலு மணிக்கு அவங்களுக்கு முன்னாடி என்ன வேலை?"ன்னு அக்கா கேட்டாங்க. அப்பாவுக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. எஸ்டேட்ல பறிச்ச கொழுந்தை நிறுக்கிற நேரம்!

இப்போ பின்கட்டுல இருக்கிற பத்துச் செடிதான் எஸ்டேட். நாலு மணிக்கு அப்பா தராசைத் தூக்கிப் பிடிப்பாரு. "அரை கிலோ."

"முக்கால் இருக்கும். தராசுல இருந்து கையை எடுங்க மேஸ்திரி!"