உறை மோருக்குள் ஒரு மந்தை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இந்நேரம் உங்களில் பலர் அடுப்படியில் இருப்பீர்கள். காய்ச்சிய பால் ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதில் விரலை விட்டுப் பார்ப்பீர்கள். சுட்டால் இன்னும் சற்றுப் பொறுப்பீர்கள். இளஞ்சூடாக இருந்தால் ஒரு கரண்டி மோரை ஊற்றிக் கலக்கி மூடிவைப்பீர்கள். முப்பது வருடம் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பை இந்த விரலில் இருந்துதான் ஆரம்பிப்பேன். இன்றைக்கும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் உறை ஊற்றுவது என்போம். சில ஊர்களில் பிரை என்பார்கள். பெயர் எதுவானாலும் அந்த ஒரு கரண்டி மோரில் இருப்பது ஒரு மந்தை. ஆடு மாடு மந்தையைப் போல உயிருள்ள மந்தை. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன. பாலில் இருக்கும் சர்க்கரைதான் அவற்றுக்குத் தீனி. அதைத் தின்று புளிப்பை, அதாவது லாக்டிக் அமிலத்தை, வெளியே விடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் தனித்தனியாக மிதந்த கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலை போலப் பின்னிக்கொள்ளும். தண்ணீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்ளும். காலையில் நீங்கள் வெட்டியெடுக்கும் கட்டித் தயிர் அதுதான்.

விரலை ஏன் விட்டுப் பார்த்தீர்கள்? பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் மந்தை செத்துவிடும். முழுக்க ஆறிப்போனால் சோம்பிக் கிடக்கும். மார்கழியில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைக்கிறோம். சித்திரையில் உறையைப் பாதியாகக் குறைத்து, அதையும் பின்னிரவில் ஊற்றுகிறோம். தீனி, ஈரம், சூடு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பச் சொல்வேன். நம் வீட்டுப் பெண்கள் இந்த மூன்றையும் தினமும் கையாள்கிறார்கள். ஒரு மேய்ப்பருக்கு இருக்கும் அறிவு அது. யாரும் அதை அறிவென்று சொல்லாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. கிருமி என்ற சொல். சோப்பு விளம்பரம், தரை துடைக்கும் திரவத்தின் விளம்பரம், எதைப் பார்த்தாலும் கிருமியைக் கொல், கொல் என்கிறது. அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் புழு என்பதுதான். இன்று கண்ணுக்குத் தெரியாத உயிர் அத்தனையையும் அந்த ஒரு சொல்லில் போட்டு அடைத்துவிட்டோம். காலராவைக் கொண்டுவருவது உண்டு, காசநோயைக் கொண்டுவருவது உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கை கழுவுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ஆனால் தயிரைத் தோய்ப்பதும் இட்லியை உப்பவைப்பதும் சாணத்தை மக்கவைப்பதும் அதே உலகத்து உயிர்கள்தான். நுண்ணுயிர் என்று சொல்லிப் பழகுவோம்.

சரி, இவற்றை முதலில் கண்ணால் பார்த்தவர் யார்? இந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இதில் நம் மிளகு இருக்கிறது.

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே ஆண்டனி வான் லேவன்ஹுக் என்றொருவர். துணி வியாபாரி. பிறகு நகர சபையிலும் ஒரு வேலை பார்த்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது, அன்றைய அறிஞர்கள் எழுதிய லத்தீன் மொழியும் தெரியாது. ஆனால் கண்ணாடியை உருக்கியும் தேய்த்தும் லென்ஸ் செய்வதில் அவருக்கு நிகர் அன்றைக்கு யாரும் இல்லை. ஒரு கேழ்வரகு அளவுதான் இருக்கும் அந்த லென்ஸ். அதைப் பித்தளைத் தகட்டில் பதித்து, கண்ணுக்கு ஒட்டினாற்போலப் பிடித்துப் பார்க்க வேண்டும். இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று பொருளை 260 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அவருக்கு ஒரு சந்தேகம். மிளகு ஏன் நாக்கில் உறைக்கிறது? கண்ணுக்குத் தெரியாத முள் ஏதும் இருந்து குத்துகிறதோ என்று நினைத்தார். மிளகைப் பிளந்து பார்க்க வேண்டும், அதற்கு அது ஊறி மெத்தென்று ஆக வேண்டும். கிழக்கிலிருந்து டச்சுக் கப்பலில் போன மிளகைத் தண்ணீரில் போட்டுத் தன் அறையில் வைத்தார். தண்ணீர் வற்றினால் பனி உருகிய நீரை ஊற்றினார். மூன்று வாரம் போயிற்று. 1676 ஏப்ரல் 24 அன்று அந்தத் தண்ணீரில் ஒரு துளியை எடுத்து லென்ஸில் பார்த்தார்.

முள்ளைக் காணோம். துளி முழுக்க உயிர்கள். நீந்துகின்றன, சுழல்கின்றன, நின்று திரும்புகின்றன. அவற்றில் மிகச் சிறியவற்றை நூறு எடுத்து வரிசையாக வைத்தாலும் ஒரு பருமணலின் நீளம் வராது என்று கணக்குப் போட்டார். உலகத்தில் அதுவரை எந்த மனிதரும் பார்க்காத ஒன்றை அந்த வியாபாரி மிளகு ஊறிய தண்ணீரில் பார்த்தார். நாம் ரசத்துக்கு மிளகுத் தண்ணீர் என்று சொல்கிறோமே, அதைத்தான் வெள்ளைக்காரர்கள் முல்லிகடானி சூப் ஆக்கிக்கொண்டார்கள். எனக்கு மிளகுத் தண்ணீர் என்றாலே லேவன்ஹுக் ஞாபகம்தான் வரும்.

அக்டோபரில் லண்டனில் இருந்த ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதினார். அங்கிருந்தவர்கள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? அவர் அசரவில்லை. பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, நாங்களும் பார்த்தோம் என்று எழுதி வாங்கி அனுப்பினார். கடைசியில் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் என்ற அறிஞர் லண்டனில் தானே மிளகை ஊறப்போட்டு, 1677 நவம்பரில் தன் கண்ணால் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

மிளகு ஏன் உறைக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது. உறைப்புக்குக் காரணமான பைப்பரின் என்ற பொருளை மிளகிலிருந்து பிரித்தெடுத்தது 1819ல்தான். ஒன்றைத் தேடப் போனவருக்கு அதைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது. இங்கேயும் அதே மூன்றுதான் நடந்திருக்கிறது, கவனியுங்கள். மிளகிலிருந்து கரைந்த தீனி, தண்ணீரின் ஈரம், அறையின் சூடு.

இந்த உயிர்களை வளர்ப்பதைப் போலவே வளரவிடாமல் நிறுத்திவைப்பதிலும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். நான் பிறந்தது உடன்குடிக்குப் பக்கத்தில், பனங்காட்டு ஊர். விடியும் முன்னே பனையேறிகள் இறங்கி வருவார்கள். சின்ன வயதில் ஒருநாள் தாத்தாவோடு போயிருந்தேன். ஒருவர் காலிக் கலயத்தை எடுத்து, உள்ளே கையை விட்டுச் சுண்ணாம்பைச் சுற்றிலும் தடவிக்கொண்டிருந்தார். எதுக்கு மாமா என்று கேட்டேன். "தடவலன்னா கள்ளாயிரும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எப்படி என்று விளங்க எனக்குப் பதினைந்து வருடமும் ஒரு பட்டமும் ஆயிற்று.

பாளையில் இருந்து சொட்டுவது ஒரே நீர்தான். இனிப்பு நீர். காற்றிலும் பாளையிலும் அங்கே மொய்க்கும் பூச்சிகளின் காலிலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இருக்கிறது. இனிப்பு கண்டால் விடாது. சில மணி நேரத்தில் நுரை கட்டி, சர்க்கரை சாராயச் சத்தாக மாறிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் நீர் காரத்தன்மை அடையும். தீனி இருந்தும் ஈரம் இருந்தும் சூடு இருந்தும் அதில் ஈஸ்டால் பெருக முடியாது. அது பதநீர். சுண்ணாம்பு குறைந்துபோனால் அடுப்பில் தெரிந்துவிடும். கொஞ்சம் புளித்த பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கட்டி சேராது, பாகாகவே நிற்கும். ஆச்சி அந்தப் பாகைத் துடுப்பில் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இன்றைக்கு எந்தக் கலயம் சரியில்லை என்று கேட்பார். நுண்ணோக்கியைக் கண்ணால் பார்க்காதவர் அவர். ஈஸ்ட் வந்துபோன தடத்தைப் பாகின் கம்பியில் பார்த்தார்.

இட்லி மாவைப் பற்றிக் கேட்காத நாள் எனக்குக் கிடையாது. மாவு பொங்கவில்லை, என்ன செய்வது என்று கேட்பார்கள். கைராசி என்றும் சொல்வார்கள். கையால் கலந்தால்தான் புளிக்கும் என்பது முழுக்கச் சரியில்லை, கரண்டியால் கலந்த மாவும் புளிக்கிறது. மாவைப் புளிக்கவைக்கும் முக்கியமான கூட்டம் உளுந்திலும் அரிசியிலுமே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊறும்போதே பெருக ஆரம்பித்துவிடும். லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா அதில் முதல் ஆள். அது புளிப்பையும் கரியமில வாயுவையும் சேர்த்து விடுகிறது. அந்த வாயுவை வெளியே போகாமல் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பு. உளுந்து பழசாகிக் கொழகொழப்புக் குறைந்தால் வாயு தங்காது, மாவு புளித்திருக்கும், ஆனால் பொங்கியிருக்காது. ஆகவே மாவு பொங்கவில்லை என்றால் கையைக் குறை சொல்லாமல் முதலில் உளுந்தைப் பாருங்கள். அடுத்து சூட்டைப் பாருங்கள். மிக்ஸியில் வெகுநேரம் அரைத்து மாவு சுட்டுவிட்டால் கூட்டத்தில் பாதி அங்கேயே போய்விடும். மழைக்காலமானால் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் அவை சாவதில்லை, தூங்குகின்றன. மூன்றாம் நாள் மாவு இன்னும் புளிக்கிறது என்றால், தூக்கத்திலும் கொஞ்சம் தின்றிருக்கின்றன என்று பொருள்.

இப்போது கவலையான ஒரு விஷயம். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து தயிர் தோயவில்லை. பால் அப்படியே பாலாக நின்றது. உறையை மாற்றினேன். பக்கத்து வீட்டில் வாங்கப் போனால், "எங்க வீட்லயும் தோயல டீச்சர்" என்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பால். மறுநாள் பால்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "மாட்டுக்கு மடி வீங்கிப் போச்சு டீச்சர், ஊசி போட்டிருக்கு. அத்தனை பாலையும் கீழ ஊத்தவா முடியும்?" என்றார்.

அவர் கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஒரு மாட்டை வைத்துப் பிழைப்பவர். ஆனால் அன்றைக்கு என் பாத்திரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் மருந்து பாலில் இறங்கியிருக்கிறது. காய்ச்சினாலும் அது முழுதாகப் போவதில்லை. அது என் உறை மந்தையைப் பெருகவிடாமல் அடக்கிவிட்டது. அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளின் வயிற்றுக்கும் அதே மருந்து சிறிதளவு போயிருக்கும். சிறிதளவு மருந்து ஆபத்தானது. அதில் நுண்ணுயிர்களில் பலவீனமானவை சாகும், தாக்குப்பிடிப்பவை தங்கிப் பெருகும். பிறகு உண்மையாகவே நோய் வரும்போது அந்த மருந்து கேட்காது. ஊசி போட்ட மாட்டுப் பாலை இத்தனை நாள் கறந்து விற்கக் கூடாது என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு இருக்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சளி பிடித்தால் கடையில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்குகிறவர்களுக்கும் இதுதான். சாதாரணச் சளியைக் கொண்டுவருவது வைரஸ். அந்த மாத்திரை வைரஸைத் தொடாது, உங்கள் குடலில் இருக்கும் நல்ல கூட்டத்தைத்தான் அழிக்கும்.

நேரம் முடியப்போகிறது என்று எதிரில் கை காட்டுகிறார்கள். மண்ணைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்தேன். முதல் மழையில் எழும் மண்வாசனையில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒன்றிலிருந்துதான் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943ல் கிடைத்தது. இதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

அப்புறம் ஒரே ஒரு வேலை. நிலக்கடலை போட்டிருப்பவர்கள், பூ விட்டு விழுது இறங்கும் சமயத்தில் ஒரு செடியை வேரோடு மெதுவாகப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். அதற்குள் ரைசோபியம் என்று பொதுவாகச் சொல்லப்படும் பாக்டீரியாக்கள் குடியிருந்து, காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக மாற்றிக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளின் நிறம் அது. சிவப்பு இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்துகொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. பிள்ளைகளையும் வயலுக்குக் கூட்டிப்போய் அவர்கள் நகத்தாலேயே கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.