ஒரு பத்திரத்துக்காக நாலு பேர்

வணக்கம் நேயர்களே.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். ஈப்போவில் கல்லூரியில் படிக்கிறேன். எல்பில், டோவன்பி, ஈவூட் என்று தோட்டத்தின் பெயரிலேயே தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் ஊர் எங்களுடையது. துன் சம்பந்தனின் ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்கள் போடும் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அந்த ஊரில் இன்னும் ஐ.சி. என்ற அடையாள அட்டை இல்லாமல் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாங்கள் நாலு மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யும் வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இங்கேயே பிறந்தவர்களுக்கு எப்படிப் பத்திரம் இல்லாமல் போகும் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு காரணத்தை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது இன்றும் நடக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை 1982 மார்ச் 1 முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, தோட்டமே வந்து சாப்பிட்டுப் போன கல்யாணமாக இருக்கலாம். பதிவு இல்லையென்றால் சட்டத்தில் அது கல்யாணம் இல்லை. அப்போது பிள்ளையின் குடியுரிமை அப்பாவை வைத்து வராது, அம்மாவை வைத்துத்தான் வரும். அம்மாவிடம் பத்திரம் இல்லாவிட்டால், அப்பா கையில் குடிமகனுக்குரிய நீல ஐ.சி. இருந்தும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்லர் என்று விழுந்துவிடும். 12 வயதில் கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் மைகார்டு, அதாவது ஐ.சி., எடுக்கப் போவார்கள். இந்தப் பிள்ளை போக முடியாது. அப்புறம் லைசென்ஸ் இல்லை, பேங்க் கணக்குத் திறப்பதும் பெரும்பாடு. நாமெல்லாம் 1 ரிங்கிட் கொடுத்து மருந்து வாங்கி வரும் அரசாங்கக் கிளினிக்கில் வெளிநாட்டவருக்கான கட்டணம். படித்த பிள்ளை எங்காவது நாள் கூலிக்கு நிற்கும். இதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நாலு பேர் என்றேன். ஒருத்தி மலாய்த் தோழி. ஐ.சி. கொடுக்கும் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகும் கடிதங்களெல்லாம் அவள் கையால்தான். கணக்கியல் படிக்கும் தம்பி ஒருவன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ஃபைல் வைத்திருக்கிறான். என்றைக்கு எந்த கவுண்டரில் என்ன சொன்னார்கள் என்பது வரை அதில் இருக்கும். இன்னொருவரிடம் கார் இருக்கிறது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரும் ஆளைக் காலை எட்டு மணிக்கு இலாகா வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது எவ்வளவு பெரிய உதவி என்பது தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். நான் வீடுகளுக்குப் போய்ப் பேசுகிறேன். பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். 1970களில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். யாரும் பதியவில்லை. வீட்டில் இருந்த காகிதத்தையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எங்கள் முன்னால் வைத்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த சான்றிதழ் இருந்தது. அதில் அப்பா பெயர் முனியாண்டி. தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டில் முனியண்டி. தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதியது, இப்போது இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டியிருக்கிறது. டின்னின் அடியில் செத்துப்போன அம்மாவின் சிவப்பு ஐ.சி. இருந்தது. "அது எதுக்கும்மா, வெறும் சிவப்புதானே" என்றார் அக்கா. எங்களுக்கு அதுதான் முக்கியம். அந்தக் காலத்தில் இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாலே போதும் என்பது அரசியலமைப்பில் இருந்த விதி. நிரந்தரவாசிக்குக் கொடுப்பதுதான் சிவப்பு ஐ.சி. அந்த அக்காவின் மனு இப்போது இலாகாவில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்களுக்குள் சண்டையே வராது என்று சொல்ல மாட்டேன். பெரிய சண்டை போட்டோவுக்காக வந்தது. பிள்ளைகளின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் தலைவர்கள் கண்ணில் படும், காரியம் சீக்கிரம் நடக்கும் என்றார் கார் ஓட்டும் நண்பர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மலாய்த் தோழி ஒரே பிடியாக வேண்டாம் என்றாள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஐ.சி. கிடைத்துவிடும், ஆனால் ஐ.சி. இல்லாத பிள்ளை என்ற படம் இணையத்திலேயே கிடக்குமே என்று கேட்டாள். கடைசியில் முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு பிரச்சினைக்காகக் குரல் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

கல்லூரியில் சேர்ந்தபோது ஓர் ஆபீசுக்கு போன் போட்டுப் பேசுவதற்கே எனக்குக் கை நடுங்கும். இப்போது அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன், மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்கிறேன். துணிச்சல் தானாக வந்துவிடவில்லை. எனக்கு மலாய்ச் சொல் தடுக்கினால் பக்கத்தில் தோழி இருக்கிறாள், தேதி மறந்தால் தம்பியின் ஃபைல் இருக்கிறது. அந்தத் தெம்பில்தான் வாய் திறந்தேன்.

கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால், வளரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அரசியலமைப்பின் 15ஏ பிரிவில், சிறப்புச் சூழ்நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தர அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு 21 வயது வரம்பாக இருந்தது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை ஏற்றுக்கொண்ட திருத்தம் அதை 18ஆகக் குறைக்கிறது. மூன்று வருடம் சின்ன விஷயம் இல்லை. கிளினிக் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், தாத்தா பாட்டியின் பழைய ஐ.சி., கல்யாணப் பத்திரிகை, எது இருந்தாலும் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். கல்யாணத்தை இன்னும் பதியாதவர்கள் இந்த வாரமே இலாகாவில் போய் விசாரியுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், ஊரில் படிக்கிற பிள்ளை யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.