16 கேஜ் ரீலோடிங் ஆரம்பிச்சாச்சு! ஆனா அந்த 5 டாலர் பிளாஸ்டிக் இருக்கே...

வணக்கம் மக்களே! பேஸ்மென்ட்ல உக்காந்து பேசுறேன், எக்கோ அடிச்சா பொறுத்துக்கோங்க. பின்னாடி ஹீட்டர் சத்தமும் வரும். மினசோட்டால அக்டோபர் வந்தாலே அத நிறுத்த முடியாது. புதுசா வந்தவங்களுக்கு: ரீலோடிங்னா சுட்டு முடிச்ச காலி ஷாட்கன் தோட்டாவ, அதாவது ஷெல்ல, வீட்லயே திரும்ப நிரப்புறது. கேஜ்ங்கிறது துப்பாக்கிக் குழலோட சைஸ்.

ஃபெசன்ட் பறவை வேட்டை சீசனுக்கு ஷெல் வாங்கலாம்னு கடைக்குப் போனேன். எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன். ஒரு சுவர் முழுக்க 12 கேஜ். அடுத்து 20. 28 கூட ரெண்டு தட்டு வச்சிருக்கான். 16? ஒரே ஒரு பெட்டி, அதுவும் ஓரம் கிழிஞ்சது, 25 ஷெல்லுக்கு 24 டாலர். கிட்டத்தட்ட ஷெல்லுக்கு ஒரு டாலர்ங்க! கவுன்டர்ல இருந்த தம்பி கேக்குறான், "பேசாம ஒரு 20 வாங்கிக்க வேண்டியதுதானே?" இவன்கிட்ட என்ன பேசுறது. நம்ம சேனல் பாக்குறவங்களுக்குத் தெரியும், 12 கேஜ தூக்கிட்டு நாள் பூரா புல்லுக்குள்ள நடக்குறது எனக்குப் பிடிக்காது. 20ம் எனக்கு ஒத்து வரல. 16தான் நம்ம ஆளு.

இந்த நம்பர் எங்க இருந்து வருதுன்னும் சட்டுனு சொல்லிடுறேன். ஒரு பவுண்டு ஈயத்த 16 சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டையோட விட்டம் எவ்வளவோ அதுதான் 16 கேஜ் பேரலோட துளை, 0.662 அங்குலம். 12 கேஜ்னா 0.729, 20ன்னா 0.615. நம்பர் சின்னதாக ஆக துளை பெருசு. அந்த ஒரு உருண்டை சரியா ஒரு அவுன்ஸ். அதனாலதான் 16க்கு ஒரு அவுன்ஸ் ஷாட், அதாவது ஈயக் குண்டுங்க, பொருத்தம்னு பழைய ஆளுங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இவ்வளவு நல்ல சைஸ் ஏன் ஒதுங்கிப் போச்சுன்னா, அமெரிக்கால ஸ்கீட்னு சொல்ற களிமண் தட்டு சுடுற போட்டில 12, 20, 28, .410 நாலுக்கும் இடம் குடுத்தாங்க, 16க்கு மட்டும் குடுக்கல. அப்புறம் 20லயே 3 அங்குல ஷெல் வந்துச்சு. ஷெல் போடுற கம்பெனிக்கும் ஆர்வம் போயிடுச்சு. என் கோவமே அங்கதான் ஆரம்பிக்குது, ஆனா இன்னைக்கு அத விட்டுடலாம், இல்லன்னா அதுவே அரை மணி நேரம் ஓடும்.

விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து ஊர்ல ஒரு எஸ்டேட் சேல். ஒரு பெரியவர் தவறிட்டார், அவர் கராஜ்ல இருந்ததெல்லாம் மேஜைல போட்டு வித்துட்டு இருந்தாங்க. அங்க நம்ம மெக் 600 ஜூனியர்! விஸ்கான்சின்ல மேவில்னு ஒரு ஊரு, அங்க செய்யுற, ஷெல் நிரப்புற பிரெஸ். தூசி அப்பியிருக்கு, பச்ச பெயின்ட் அங்கங்க உரிஞ்சிருக்கு, ஆனா ஷெல்ல அமுக்குற டை மேல பாத்தா 16ன்னு இருக்கு. எனக்குக் கை நடுங்கிடுச்சு. 40 டாலர்ங்க. புதுசுக்கு அதோட பல மடங்கு குடுக்கணும், அதுவும் 16க்கு ஸ்டாக் இருக்கணுமே. பேரம் பேசல. நான் பேரம் பேசாம வாங்கினேன்னு வீட்ல சொன்னா இன்னும் நம்ப மாட்டேங்கிறாங்க.

இதுல ஒரு தடவைக்கு ஒரு ஷெல்தான். ஹேண்டில் இழுக்கணும், அடுத்த இடத்துக்கு ஷெல்ல நகத்தணும், திரும்ப இழுக்கணும். முதல் இடத்துல பழைய பிரைமர், அதாவது பவுடரப் பத்த வைக்கிற சின்னச் சாமான், வெளிய வரும், அடில இருக்குற பித்தளையும் சைஸுக்கு வரும். அடுத்து புது பிரைமர். அப்புறம் பவுடர், அதுக்கு மேல வாட், அதாவது பவுடருக்கும் ஈயத்துக்கும் நடுவுல வர்ற அடைப்பு, அப்புறம் ஈயம். கடைசில வாய மடிக்குறதுக்கு மட்டும் ரெண்டு இடம், முதல்ல லேசா மடிப்பு எடுத்துக் குடுக்கும், அடுத்தது அமுக்கி மூடும்.

அந்த லேசா மடிப்பு எடுக்குற இடம்! இப்ப கேமராவக் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. இந்த வெள்ளை பிளாஸ்டிக் மூடி மாதிரி ஒண்ணு தெரியுதா? இதான் மடிப்புத் தலை. உள்ள வரி வரியா இருக்கு. எண்ணுங்க... எட்டு வரி. இப்ப என் காலி ஷெல்ல பாருங்க, இத ஹல்னு சொல்லுவோம். வாய் ஓரத்துல பழைய மடிப்போட தடம் இருக்கு... ஆறு. ஆறு மடிப்பு ஷெல்லு, எட்டு மடிப்பு தலை. பிளாஸ்டிக்குக்கு ஞாபக சக்தி ஜாஸ்திங்க, மொதல்ல எங்க மடிஞ்சதோ அங்கதான் மடியும். வேற எண்ணிக்கைல அமுக்கினா வாய் கோணிக்கும், நடுவுல ஓட்டை விழும், ஈயம் ஒண்ணொண்ணா வெளிய எட்டிப் பாக்கும்.

சரி, ஆறு மடிப்புத் தலை வாங்கிடலாம், சின்னச் சாமான்தானேன்னு ஆன்லைன்ல பாத்தா விலை 5 டாலர் சொச்சம். சந்தோஷம். செக்அவுட் போனா ஷிப்பிங் 13 டாலர்! என் கட்டை விரல் அளவு பிளாஸ்டிக்குக்கு. ஒரு கவர்ல போட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புனா வந்து சேராதா? வேற கடைல பாத்தேன், அங்க ஷிப்பிங் கம்மி, சாமான் இல்ல. இன்னொரு கடைல சாமான் இருக்கு, 75 டாலருக்கு மேல வாங்கினா ஷிப்பிங் ஃப்ரீ. 75 டாலருக்கு நான் வேற என்னத்த வாங்குறது? வாட் வாங்குனேன். அந்தக் கதைய அப்புறம் சொல்றேன். வந்தது எப்படித் தெரியுமா? செருப்பு டப்பா சைஸ்ல ஒரு பெட்டி, உள்ள பூரா காத்துப் பை. பெட்டிய பூனை எடுத்துக்கிச்சு.

தலைய மாத்தி முதல் ஷெல்ல மடிச்சேன் பாருங்க... இந்தா. வெளிச்சத்துல காட்டுறேன். ஆறு மடிப்பும் நடுவுல வந்து கூடியிருக்கு, ஓட்டை இல்ல, ஓரம் வழுவழுன்னு இருக்கு. கடைல வாங்கினதுன்னு சொன்னா நம்பிடுவீங்க. இத ரெண்டு நாளா சட்டைப் பைல வச்சிட்டுத் திரிஞ்சேன். பயப்படாதீங்க, பவுடரும் பிரைமரும் இல்லாத டம்மி.

ஆங், நில்லுங்க. முக்கியமான ஒண்ண விட்டுட்டுப் போயிட்டு இருக்கேன். இதுக்கெல்லாம் முன்னாடி சொல்லியிருக்கணும். துப்பாக்கி!

பிரெஸ் வாங்குறதுக்கு முன்னாடி உங்க பழைய துப்பாக்கிய ஒரு கன்ஸ்மித்கிட்ட, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட, குடுங்க. நம்ம ஜெர்மன்காரனப் பத்தி, அதான் என் 16 கேஜ் துப்பாக்கியப் பத்தி, தனி வீடியோவே போட்டிருக்கேன், ரெட்டைக் குழல், ஜெர்மனில துரிங்கியா பகுதில இருக்குற சூல் ஊர்ல செஞ்சது. 1945ல அமெரிக்கப் படை துரிங்கியாவுக்குள்ள போனப்போ, அங்க இருந்து நெறைய சோல்ஜருங்க இந்த மாதிரி துப்பாக்கிய வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. அதுல நெறைய தாத்தா போனதுக்கு அப்புறம் பேரன் கைல என்னன்னு தெரியாமலே கெடக்கு. குழலக் கழட்டிக் கவுத்துப் பாத்தா அடில சின்னச் சின்ன முத்திரை. என்னோடதுல நைட்ரோன்னு ஒண்ணு, அதாவது புகையில்லாத பவுடருக்குச் சோதிச்சது. வட்டத்துக்குள்ள 16. சேம்பர், அதாவது குழல்ல ஷெல் உக்காருற இடம், அதோட நீளம் எதுவும் இல்ல.

இங்கதான் வில்லங்கம். இந்தக் காலத்து 16 ஷெல் 70 மில்லிமீட்டர், அதாவது 2¾ அங்குலம். அந்தக் காலத்து ஐரோப்பிய 16 சேம்பர் பெரும்பாலும் 65. இங்க அமெரிக்காலயும் பழைய 16ல நெறைய குட்டை சேம்பர்தான். "என் துப்பாக்கிக்குள்ள புது ஷெல் ஈஸியா போகுதே"ன்னு போன வீடியோல ஒருத்தர் கமென்ட் போட்டிருந்தார். அண்ணே, போகத்தான் செய்யும்! 70ங்கிறது சுட்டதுக்கு அப்புறம் வாய் விரிஞ்ச நீளம். சுடாத ஷெல்லு மடிஞ்சு குட்டையா இருக்கும், 65 சேம்பர்ல சமர்த்தா போய் உக்காந்துக்கும், துப்பாக்கியும் மூடிக்கும். சுடுறப்பதான் அந்த மடிப்பு விரியும். விரிஞ்சா எங்க போகும்? சேம்பர் முடிஞ்சு குழல் குறுகுற இடத்துல போய் நீட்டும். வாட்டும் ஈயமும் போற வழில இன்னொரு பிளாஸ்டிக் அடுக்கு. பிரஷர் ஏறும். புது ஷெல்லுக்கு அமெரிக்கால 16 கேஜ் உச்சவரம்பு 11,500 பி.எஸ்.ஐ. அந்தக் காலத்துக் குழலுக்கும் மரத்துக்கும் அதுக்கு மேல ஏத்துறது வேண்டாத வேலை. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, அதுதான் மோசம்.

கன்ஸ்மித் கேஜ விட்டு அளந்தார், 65. குழலோட கனத்தையும் அளந்தார், நசுங்கல் இருக்கா, பூட்டு ஆடுதான்னு பாத்தார். சேம்பர 70க்கு நீட்டிடலாமேன்னு கேட்டதுக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை, "எதுக்கு?" நீட்டுறதுன்னா குழல் சுவத்துல இருந்து இரும்பச் செதுக்கணும். எனக்கும் மனசு வரல. அதனால 65 ஹல்லாவே வாங்கிட்டேன். குழல்ல சுருள் சுருளா கோலம் தெரிஞ்சா அது டமாஸ்கஸ், இரும்ப முறுக்கிச் செஞ்ச பழைய குழல், அதுக்கு விதி வேற, இந்த வீடியோவ வச்சிக்கிட்டு அதத் தொடாதீங்க.

இப்ப ரெசிபி. "ப்ரோ, எவ்வளவு பவுடர் போடுறீங்க, நம்பர் சொல்லுங்க"ன்னு கேக்குறவங்களுக்கு: சொல்ல மாட்டேன். நான் சொல்ற நம்பர் என் ஹல்லு, என் பிரைமர், என் வாட், என் ஈயம் நாலுக்கும் சேத்து. அதுல ஒண்ண மாத்தினா பிரஷர் மாறும். எல்லாம் 209 பிரைமர்தானேன்னு தோணும். சைஸ் ஒண்ணு, சூடு வேற. ஒரு கம்பெனி 209 மெதுவா பத்தும், இன்னொண்ணு வெறியாப் பத்தும். பிரைமர மட்டும் மாத்தினதுல ஆயிரக்கணக்குல பி.எஸ்.ஐ. எகிறலாம். லைமன் கம்பெனியோட ரீலோடிங் புத்தகம் வாங்குங்க. பவுடர் கம்பெனிங்க வெப்சைட்ல டேட்டா ஃப்ரீயாவே இருக்கு. புத்தகத்துல என்ன வரி இருக்கோ அதே சாமான், அதே அளவு. கைவசம் இருக்குறத வச்சு ஒப்பேத்துறது சாம்பாருக்குச் சரி.

வாட் கதை இதுதான். 12 கேஜுக்கு டேட்டா பக்கம் பக்கமா இருக்கும். 16க்கு ரொம்பக் கொஞ்சம். அதுல எனக்குத் தோதான லேசான லோட், பிரஷர் கம்மியா இருக்குறது, அதுக்குள்ள என் ஹல்லு... தேடித் தேடி ஒரு வரி கண்டுபிடிச்சா, அதுல சொல்லியிருக்கிற வாட் கம்பெனியே நிறுத்திடுச்சு! அதனால மொதல்ல எந்த வாட், எந்த பிரைமர் கடைல கெடைக்குதுன்னு பாருங்க, அப்புறம் அதுக்கு டேட்டா தேடுங்க. தலைகீழாப் போனா அலைச்சல்தான். பவுடரும் பிரைமரும் ஆன்லைன்ல வாங்கினா ஆபத்தான சரக்குன்னு தனியா ஒரு ஃபீஸ் போடுவான், அதனால நான் அந்த ரெண்டையும் கடைல கைல வாங்கிடுவேன். ஷிப்பிங்ல போதும் போதும்னு ஆயிடுச்சு எனக்கு.

ஆமா, அந்த எஸ்டேட் சேல்ல பிரெஸ்ஸோட சேத்து ஒரு டப்பா பவுடரும் குடுத்தாங்க. லேபிள் பாதி இல்ல, மூடி துரு. "வேஸ்ட் பண்ணாதீங்க ப்ரோ"ன்னு ஷார்ட்ஸ்ல ஒரே கமென்ட்டு. பேர் தெரியாத பவுடர் எனக்கு வேணாம். தோட்டத்துல மெல்லிசாத் தூவியாச்சு.

தராசு கட்டாயம் வேணும். இந்த பிரெஸ்ல ஒரு பார் இருக்கு, இந்தப் பக்கம் தள்ளினா பவுடர் விழும், அந்தப் பக்கம் தள்ளினா ஈயம் விழும். பவுடர் அளவுக்கு உள்ள ஒரு புஷிங், அதாவது துளை போட்ட சின்ன உருளை. கூட ஒரு சார்ட் குடுப்பாங்க, இந்த புஷிங்னா இத்தனை கிரெய்ன் எடைன்னு. அத நம்பி உக்காராதீங்க, கை இழுக்குற வேகத்துக்கே மாறும். என்னோடது சார்ட்ல இருந்ததுக்குக் கம்மியாவே போட்டுச்சு. ஈயத்தையும் நிறுத்துப் பாருங்க, ஒரு அவுன்ஸ்னா 437.5 கிரெய்ன். ஜெர்மன்காரனுக்கு நான் 7/8 அவுன்ஸோட நிறுத்திக்கிறேன். தோளுக்கும் சுகம், துப்பாக்கிக்கும் சுகம். ஈயத்தத் தொட்டா கை கழுவாம காப்பி கப்ப எடுக்கக் கூடாது. அதான் இன்னைக்கு மேஜைல கப்பு இல்ல, கவனிச்சீங்களா?

வாத்து வேட்டைக்குப் போறவங்க கவனிங்க. நீர்ப்பறவைக்கு ஈயம் 1991ல இருந்து நாடு பூரா தடை. ஸ்டீல் ஷாட்ட இந்தப் பழைய குழல்ல விடவே கூடாது, குழல் கெட்டுடும். பிஸ்மத்னு ஒண்ணு இருக்கு, அது மிருதுவானது, ஆனா விலையக் கேட்டா வாத்து கறிக்கடைலயே வாங்கிக்கலாம்னு தோணும். அதுக்கும் டேட்டா தனி.

இன்னொண்ணு, 20 ஷெல்ல மஞ்சள் நிறத்துல போடுறது சும்மா அழகுக்கு இல்ல. அது 12 குழலுக்குள்ள வழுக்கிட்டு உள்ள போய் அடைச்சிக்கும், பின்னாடியே 12 ஒண்ணு போட்டுச் சுட்டா குழல் வெடிக்கும். பேஸ்மென்ட்ல என் மேஜைக்கு ஒரே ஒரு கேஜ்தான் அனுமதி.

சென்னை, மதுரைல இருந்து பாக்குறவங்க, இது அமெரிக்காவுக்கான வீடியோ. இங்க சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல. நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா செஞ்சா குத்தம். பாத்து ரசிங்க, அவ்வளவுதான்.

கணக்கக் கேக்குறீங்களா? என் ஹல்ல நாலஞ்சு தடவை திரும்ப உபயோகிச்சா, ஷெல்லுக்கு கடை விலைல பாதிக்குக் கொஞ்சம் மேல வருது. ஷிப்பிங்கச் சேக்காம! அந்த 13 டாலர நான் கட்டலன்னாலும், 75 டாலருக்கு வாட் வாங்க வச்சிட்டானே, அது கணக்குல எங்க எழுதுறது?

சில பேர் நான் நிரப்புன ஷெல்ல விலைக்குக் கேட்டு மெசேஜ் போடுறீங்க. விக்க மாட்டேன், விக்கிறதுன்னா அதுக்குத் தனி ஃபெடரல் லைசென்ஸ் எடுக்கணும். ஞாயித்துக்கிழமை களிமண் தட்டு சுடப் போறேன், அங்க ஆறு மடிப்பு எப்படி விரிஞ்சிருக்குன்னு கிட்ட வச்சுக் காட்டுறேன். அதுக்குள்ள உங்ககிட்ட பழைய 16 இருந்தா சேம்பர அளந்து என்ன வந்துச்சுன்னு கமென்ட்ல போடுங்க. ஷெல்ல உள்ள விட்டுப் பாத்துட்டு "சரியா இருக்கு ப்ரோ"ன்னு போடாதீங்க, டெலிட் பண்ணிடுவேன். வரட்டா!